யார் தப்பு என்று கேட்காத சட்டம்

அப்பா நாகப்பட்டினத்திலிருந்து பகல் ரயிலில் வந்தார். திருச்சி ஜங்ஷனில் இறங்கி பஸ் பிடித்து, மொட்டைக் கோபுரத்து ஸ்டாப்பிலிருந்து கொள்ளிடக் கரை வரை நடந்தே வந்திருக்கிறார். கூடவே மாமா தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பாவின் சட்டையில் வலது கை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. ஊக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை.

நாங்கள் யாரும் அழவில்லை. அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அப்பாவைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், உள்ளே போய் உலையில் இன்னும் கொஞ்சம் அரிசி போட்டாள். பிறகு வெளியே வந்து, "வெயில்ல ஏன் நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்றாள்.

சாப்பாடு போட்டதும் அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் இடது கையால் சோற்றைத் தொடுவதில்லை. அவருக்கு இருந்தது அந்தக் கை ஒன்றுதான். மாமா தன் தட்டை நகர்த்திவிட்டு, அப்பாவின் சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்து உருட்டினார். அப்பா வாயைத் திறந்தார். மாமா ஊட்டினார். இரண்டு பேரும் எங்கேயோ பார்த்துக்கொண்டு இதைச் செய்தார்கள். ஆஸ்பத்திரியில் இத்தனை நாளும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று தெரிந்தது.

மாமா என்பது அப்பாவின் அக்கா வீட்டுக்காரர். நாகப்பட்டினத்துக்காரர். சரக்குக் கப்பலில் சாரங்கு, அதாவது கப்பல் வேலையாட்களான கலாசிகளுக்குத் தலைவர். கப்பலுக்கு ஆள் சேர்ப்பது, வேலை பிரித்துக் கொடுப்பது, துரையிடம் பேசுவது எல்லாம் அவர்தான். அப்பா கொள்ளிடத்தில் ஓடம் தள்ளுகிறவர். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் அக்கரை விவசாயிகளையும் அவர்கள் வாழைத்தாரையும் ஏற்றி இறக்குவார். தை கழிந்து ஆறு மணலானதும் மாமா சொல்லி அனுப்புவார். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வருவதில்லை. கடலில் வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகுகளில் வெங்காய மூட்டையும் துணிக்கட்டும் போய், அங்கே மிஷினால் மேலே தூக்கப்படும். அப்பா அந்த மாதங்களில் கப்பலிலேயே தங்கி வேலை செய்வார். நான் பள்ளிக்கூடம் போன வருஷங்கள் முழுக்க இப்படித்தான்.

பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தது அத்தைதான், அப்பாவின் அக்கா. எங்கள் ஆட்களில் எனக்கு முன்னால் யாரும் எழுத்து படித்ததில்லை. அத்தை ஒருமுறை ஊரிலிருந்து வந்தபோது நான் பூ தொடுத்துக்கொண்டிருந்தேன். "இவ ஏன் சும்மா ஒக்காந்திருக்கா" என்று கேட்டு, மறுநாள் காலையில் தலை வாரிப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் ரயில் ஏறினாள். அவளுக்குக் குழந்தை இல்லை. எங்கள் வீட்டு விஷயங்களை அவள்தான் முடிவு செய்வாள். அம்மாவும் அதை மறுத்ததில்லை. அப்பா கை போய் வந்த அந்தக் கோடையில் நான் எஸ்.எஸ்.எல்.ஸி. தேறியிருந்தேன். டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். தேறியதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அன்றைக்குச் சொல்லவில்லை. பிறகு அம்மா சொன்னாள். "அப்படியா, சரி" என்றார்.

எப்படி நடந்தது என்று அக்கம்பக்கத்தார் வந்து கேட்டபோது மாமா சொன்னார்.

"மிஷின் பக்கத்துல துண்டு காயப் போட்டிருந்தான். அது பறந்துச்சு. எடுக்கப் போனான். கம்பிக் கயிறு இழுத்துருச்சு."

"ஆமா. என் மேல தப்பு" என்றார் அப்பா.

வந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். மாமா மறுநாள் ஊருக்குக் கிளம்பினார். போகும்போது அம்மாவிடம், "தங்கச்சி, நான் கப்பக்காரன்கிட்ட பேசி ஏதாச்சும் வாங்கித் தரேன்" என்றார்.

சில நாள் கழித்து அம்மா அப்பாவின் முண்டுக்கையில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பாவாடை தைத்துக்கொண்டிருந்தேன். அப்பா வலியை மறக்கவோ என்னவோ பேசிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குக் காத்து ஜாஸ்தி. படகெல்லாம் மோதிக்கிட்டு நிக்குது. கம்பி வேற சிக்கிக்கிச்சு. மச்சான்தான், மிஷின நிறுத்தினா துரை கத்துவான், ஓடும்போதே எடுத்து விட்ருன்னாரு. முன்னாடியும் அப்படி எடுத்திருக்கேன். அன்னிக்கு மாட்டிக்கிச்சு."

"அப்ப துண்டு?" என்று கேட்டேன்.

"அது அதிகாரி வந்து கேட்டான்ல, எழுதிக்கறதுக்கு. அதுக்குச் சொன்னது."

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

அவருக்கு என் கேள்வி புரியவில்லை. "பின்ன மச்சானையா காட்டிக் குடுக்கறது?" என்றார்.

இதை வெளியூர் ஆட்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆற்றில் இரண்டு ஓடம் மோதினாலோ, யாருடைய மூட்டையாவது தண்ணீரில் விழுந்தாலோ, எங்கள் ஆட்கள் மணலில் உட்கார்ந்து பேசுவார்கள். யார் தப்பு என்பதுதான் முதல் பேச்சு. அது தெரியாமல் அடுத்த பேச்சு கிடையாது. ஆனால் பெரியவர் செய்த பிழையை அவர் வாயால் சொல்ல விடமாட்டார்கள். கூட இருந்த சின்னவர், தம்பியோ மைத்துனனோ, முந்திக்கொண்டு "என் மேல தப்பு" என்று சொல்லிவிடுவார். எல்லோருக்கும் உண்மை தெரியும். இருந்தாலும் அவர் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும். எதிர்த்தரப்புக்காரர் வெற்றிலையை நீட்டுவார். அதை வாங்கிக்கொண்டு எழுந்து போவார்கள். அப்படி ஏற்றுக்கொண்டவனுக்கு மதிப்பு கூடும். அப்பா ஓடத்துறையில் எத்தனையோ முறை மற்றவர்களுக்காகச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். கப்பலில் கை நசுங்கி, துணி சுற்றிக் கிடத்தியிருக்கும்போது, வெள்ளைச் சட்டை அதிகாரி ஒருவர் வந்து எப்படி நடந்தது என்று கேட்டதும், அவர் அதையே செய்திருக்கிறார்.

ஆனால் அந்த அதிகாரி வெற்றிலை நீட்டவில்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஆற்றில் தண்ணீர் வரும் முன் கப்பல் கம்பெனியின் ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஒரு சீப்பு பழமும் டைப் அடித்த காகிதமும் கொண்டுவந்தார். கம்பெனி மனது வைத்து ஒரு தொகை தருகிறது, கட்டை விரல் வைத்தால் போதும் என்றார். அப்பா இடது கையை நீட்டினார்.

"நான் படிச்சுப் பாக்கறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "இங்கிலீஷ்ல இருக்கு பாப்பா."

"தெரியுது. குடுங்க."

படித்தேன். எனக்குப் புரியாத சொற்கள் அதில் இரண்டோ மூன்றோதான். தன் சொந்த வேலையாகப் போனபோது ஏற்பட்ட விபத்து என்று அப்பா ஒப்புக்கொள்வதாகவும், இனி எந்தக் காலத்திலும் எதையும் கேட்பதில்லை என்றும் இருந்தது. அதைத் தமிழில் சொன்னேன். அந்த ஆள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"இவ்வளவு படிச்ச பொண்ண வச்சுக்கிட்டு எப்படிங்க மாப்ள தேடப் போறீங்க" என்று அப்பாவிடம் கேட்டார்.

"அது எங்க கவலை" என்றாள் அம்மா. "பழத்த எடுத்துக்கிட்டுப் போங்க."

அவர் போன பிறகு, "குடுக்கறத வாங்கியிருக்கலாம்" என்றும் அவளே சொன்னாள்.

டைப்ரைட்டிங் வகுப்பில் என்னோடு படித்த ஒரு பெண்ணின் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை செய்தார். அவர் சொல்லித்தான் அந்த வக்கீலைத் தெரியும். மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு மாடியில் அவர் ஆபீஸ். பெஞ்சில் ஒர்க்ஷாப் ஆட்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு விரல் இல்லை, ஒருவருக்குக் கண்ணில் பஞ்சு. வக்கீல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கிட்ட வர்ற யாருக்கும் பத்து வெரல் முழுசா இருக்காது. உனக்கு இருக்கு. எதுக்கு வந்தே?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். விரல் இல்லாதவர்தான் அதிகம் சிரித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் பாதி கேட்டுவிட்டு அலமாரியிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துப் போட்டார். "எனக்குக் கோர்ட்டுக்கு நேரமாச்சு. இங்கிலீஷ் தெரியும்னு சொன்னியே, படிச்சுட்டு இரு. சாயங்காலம் பேசலாம்" என்று கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அது தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து படித்தேன். மின்விசிறி இல்லை. கீழே பஸ்கள் திரும்பும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வாக்கியங்கள் நீளமாக இருந்தன. ஒவ்வொன்றையும் தமிழில் மாற்றி மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். வேலையினால், வேலை நடக்கும்போது, விபத்தில் காயம் பட்டால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும். கப்பலில் வேலை செய்பவருக்கும் இது உண்டு. விபத்து கப்பலிலேயே நடந்திருந்தால் மாலுமி தனியாக நோட்டீஸ் கொடுக்க வேண்டியதில்லை. இனி எதையும் கேட்க மாட்டேன் என்று கையெழுத்து வாங்கினாலும் அது செல்லாது.

யார் தப்பு என்பது எங்கே வருகிறது என்று தேடினேன். வரவே இல்லை. குடித்துவிட்டுப் போய் அடிபட்டால், பாதுகாப்புக்காகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறினால், பாதுகாப்புக்கு வைத்ததை வேண்டுமென்றே கழற்றினால் கிடையாது. அவ்வளவுதான். முதலாளி தப்பு, சாரங்கு தப்பு, தொழிலாளி அஜாக்கிரதை, எதையும் சட்டம் கேட்கவில்லை. வேலைக்காகப் போனானா என்பது ஒன்றுதான் கேள்வி.

அப்படியென்றால் அப்பா மாமாவைக் காப்பாற்றச் சொன்ன பொய்யினால் மாமாவுக்கு இந்தச் சட்டத்தில் ஒரு லாபமும் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் மாமாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. துண்டு எடுக்கப் போனேன் என்றதால் அப்பாவின் கை சொந்த வேலையில் போன கை ஆகிவிட்டது. இது புரிந்தபோது கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பக்கத்தைத் திருப்பி மறுபடி முதலிலிருந்து படித்தேன். வக்கீல் திரும்பி வந்தபோது அதே இடத்தில் இருந்தேன்.

"எதாவது புரிஞ்சுதா?"

சொன்னேன். அவர் கோட்டைக் கழற்றி மாட்டினார். பிறகு, "மனுவ நீயே எழுதிக்கிட்டு வா" என்றார். எழுதிக்கொண்டு போனேன். இரண்டு சொற்களை மாற்றினார். மற்றதெல்லாம் என் இங்கிலீஷ். மாமாவின் பெயரை நான் எழுதவில்லை. மேலிருந்து வந்த உத்தரவின்படி என்று மட்டும் எழுதினேன். இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அந்த மனுவை அப்படியேதான் எழுதுவேன்.

அப்பாவுக்குப் புரிய வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"தப்பு யாரோடதுன்னு கேக்க மாட்டாங்கப்பா."

"கேக்காம?"

"வேலைக்காகப் போனீங்களான்னு மட்டும் கேப்பாங்க. ஆமான்னு சொன்னா போதும்."

"யார் தப்புன்னு கேக்காத கோர்ட்டு எந்த ஊர்ல இருக்கு? தப்பு இல்லேன்னா கோர்ட்டு எதுக்கு, நஷ்டஈடு எதுக்கு? ஒருத்தன் தப்பு பண்ணினாத்தான இன்னொருத்தன் குடுக்கணும்?"

"சட்டம் அப்படி இல்லப்பா. நான் படிச்சேன்."

"நீ படிச்சே. சரி." அவர் இடது கையால் முழங்காலைத் தடவிக்கொண்டார். "நான் சொன்ன வார்த்தைய மாத்தினா மச்சான் மொகத்துல எப்படி முழிக்கறது?"

மனு போட்ட செய்தி நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டது. அத்தை வந்தாள். வந்ததும் வழக்கம்போல் அடுப்படியைப் பார்த்தாள், குழம்பில் புளி ஜாஸ்தி என்றாள். பிறகு என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

"கம்பெனியில அவரத்தான் சாட்சிக்கு வரச் சொல்லியிருக்காங்க. தெரியுமா?"

"தெரியாது அத்தை."

"துண்டு எடுக்கத்தான் போனான்னு சொல்லச் சொல்றாங்க. உங்கப்பனும் அதத்தானே சொன்னான். இப்ப நீ என்னத்தையோ எழுதிப் போட்டுட்டியாம்."

"மாமாவுக்கு ஒண்ணும் ஆகாது அத்தை. சட்டத்துல தப்ப பத்திப் பேச்சே கெடையாது. மாமா நான்தான் சொன்னேன்னு சொன்னாலும் அவர யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க. நஷ்டஈடு குடுக்கப் போறது கம்பெனி."

"நீ வக்கீலாடி?"

"இல்ல."

"பின்ன?"

அவள் வாளியை இறக்கித் தண்ணீர் சேந்தினாள். அதைக் கொண்டு ஒன்றும் செய்யவில்லை. கிணற்றுச் சுவரில் வைத்தாள்.

"அவரு பேரு எங்கயும் வரக் கூடாது" என்றாள். "நீ எழுதினதுல இருக்கா?"

"இல்ல. நான் எழுதல."

"அது போதும்" என்றாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, அம்மாவுக்குத் தலையில் பேன் பார்த்துவிட்டு, சாயங்கால ரயிலுக்குப் போனாள்.

விசாரணை திருச்சியில் நடந்தது. கோர்ட்டு மாதிரி எதுவும் இல்லை. கண்டோன்மெண்டில் ஒரு பழைய கட்டடத்து மாடி. ஒரு மேஜை, அதன் பின்னால் நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் கமிஷனர், பக்கத்தில் எழுதுகிறவர், எதிரே நாற்காலிகள். அப்பா கூண்டு இருக்கும் என்று நினைத்திருந்தார். இல்லை என்றதும் எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்.

மாமா எங்களுக்கு முன்பே வந்து வராந்தாவில் இருந்தார். எங்கள் வீட்டுக்கு வராமல் ஜங்ஷன் பக்கம் லாட்ஜில் தங்கியிருக்கிறார். புதுச் சட்டை. அப்பாவைப் பார்த்ததும் எழுந்தார். "மாப்ளே, எளச்சுட்டியே" என்றார். மடியிலிருந்து வெற்றிலை எடுத்து, நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி மடித்து அப்பாவின் வாயில் வைத்தார். அப்பா மென்றார். கம்பெனி வக்கீல் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து மாமாவை வேறு பக்கம் போய் உட்காரச் சொன்னார்.

முதலில் அப்பாவைக் கூப்பிட்டார்கள். வெற்றிலையைத் துப்பிவிட்டு வரச் சொன்னார்கள். கம்பெனி வக்கீல் கப்பலில் எழுதிய வாக்குமூலத்தைப் படித்து, இது நீங்கள் சொன்னதுதானே என்று கேட்டார்.

"ஆமாங்க."

"துண்டு எடுக்கப் போனீங்க."

அப்பா ஊக்கு குத்தியிருந்த சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப உங்க மக எழுதிக் குடுத்ததுல உத்தரவுப்படி போனேன்னு இருக்கு. யாரோட தப்ப மறைக்கறீங்க? அன்னிக்கு மறைச்சீங்களா, இன்னிக்கு மறைக்கறீங்களா?"

அப்பா எங்கள் வக்கீலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தக் கேள்விக்காக அவர் பல மாதமாகப் பயந்திருந்தார். நான் வராது என்று சொன்ன கேள்வி வந்துவிட்டது. அவர் வாயைத் திறந்தார். "என் மேல" என்று அவர் ஆரம்பித்தது எனக்குக் கேட்டது.

கமிஷனர் பென்சிலால் மேஜையைத் தட்டினார். "யார் தப்புங்கறது இங்க விஷயமே இல்ல. அத எழுத வேண்டாம்" என்று எழுதுகிறவரிடம் சொன்னார். அப்பாவிடம் திரும்பினார். வயதானவர், சளி பிடித்திருந்தது. "பெரியவரே, அத விடுங்க. கப்பல்ல வேலை எப்படி நடக்கும், அதச் சொல்லுங்க. மிஷின் ஓடும்போது அது பக்கத்துல யார் போகலாம்?"

"யாரும் போகக் கூடாதுங்க."

"யாருமேவா?"

"சாரங்கு சொன்னாப் போவோம். கம்பி சிக்கினா எடுத்து விடுவோம்."

"அவர் சொல்லாம போவீங்களா?"

"அது எப்படிங்க? அவர் சொல்லாம ஒரு கயித்தக் கூடத் தொட மாட்டோம்."

"துண்டு அங்க காயப் போடுவீங்களா?"

"கிரீஸ் ஆயிடுமே" என்றார் அப்பா.

"அன்னிக்குக் கம்பி சிக்கிச்சா?"

"சிக்கிச்சுங்க."

"சாரங்கு சொன்னாரா?"

"சொன்னாருங்க."

இதையெல்லாம் ஓடத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். மாமாவைப் பற்றிக் குறை சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வேலை நடக்கும் விதத்தைக் கேட்டார்கள், சொன்னார். கை கட்டிக்கொள்ள முடியாததால் இடது கையை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றார். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ சொன்னது சரிதான். அந்த ஆளு தப்பக் கேக்கல" என்றார். அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

அடுத்து மாமா. கமிஷனர் பேசியதெல்லாம் அவருக்கும் கேட்டிருக்கும். கதவு திறந்துதான் இருந்தது. அவர் ஆமாம் என்று சொன்னால் போதும்.

கம்பெனி வக்கீல் கேட்டார். "நீங்க இவர மிஷின் கிட்டப் போகச் சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"அவர் எதுக்குப் போனார்?"

"துண்டு எடுக்கப் போனான்."

எங்கள் வக்கீல் எழுந்தார். "கம்பி சிக்கிச்சா?"

"இல்ல."

"காத்து அடிச்சுதா?"

"இல்லீங்க. அன்னிக்குக் காத்தே இல்ல."

"காத்தே இல்லேன்னா துண்டு எப்படிப் பறந்துச்சு?"

மாமா கமிஷனரைப் பார்த்தார், கம்பெனி வக்கீலைப் பார்த்தார். அப்பாவைப் பார்க்கவில்லை. "பறந்துச்சு" என்றார். யாரோ மெல்லச் சிரித்தார்கள். கமிஷனர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, போதும் என்றார்.

அப்பா நேராக உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் டீக்கடையில் மூன்று டீ சொன்னார். மூன்றாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. மாமா படியிறங்கி, எதிர்ப்பக்கமாகக் கம்பெனி வக்கீலோடு நடந்துபோனார். மூன்றாவது டீ ஆறியதும் கடைக்காரர் எடுத்து ஊற்றிவிட்டார். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. "அவருக்குப் பயம்" என்றார் அப்பா. பிறகு, "என்னத்துக்குப் பயந்தாரு?" என்று கேட்டார். நான் ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றும் பதில் தெரியாது. கப்பல் வேலை போய்விடும் என்று பயந்திருக்கலாம். அல்லது அவரும் அப்பாவைப் போலவே, எங்கேயாவது யாராவது தப்பைக் கேட்கத்தான் போகிறார்கள் என்று நம்பியிருக்கலாம்.

தீர்ப்பு வர மழைக்காலம் ஆகிவிட்டது. அப்பாவின் கை வேலையில் போனது என்று கமிஷனர் எழுதியிருந்தார். கம்பெனி நஷ்டஈட்டை அவரிடம் கட்ட வேண்டும், அவர் வழியாக எங்களுக்கு வரும். அதில் என்ன செய்தோம் என்பது எங்கள் குடும்ப விஷயம், எழுதவில்லை. வக்கீல் எனக்குத் தன் ஆபீசிலேயே டைப் அடிக்கும் வேலை கொடுத்தார். நகலை நானே கொண்டுவந்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "வேலையிலதான் போச்சுன்னு எழுதியிருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி தமிழில் சொல்லச் சொன்னார். நடுவில் ஒரு பத்தியை நான் படிக்கவில்லை. என் விரல் அதைத் தாண்டிப் போனதை அப்பா பார்த்தார்.

தைப் பொங்கலுக்கு முன்னால் அத்தை தனியாக வந்தாள். அப்பா ஆற்றுக்குப் போயிருந்தார். அம்மா மாவு இடித்துக்கொண்டிருந்தாள். அத்தை அடுப்படிக்குப் போகவில்லை. கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"தீர்ப்பு காயிதம் இருக்கா?"

எடுத்து வந்தேன்.

"அதுல அவரப் பத்தி என்ன எழுதியிருக்கு?"

"எதுக்கு அத்தை?"

"கம்பெனி கிளார்க்கு எதையோ சொல்லியிருக்கான். ஊர்ல ஆளுக்கொண்ணு பேசறாங்க. கலாசிப் பசங்க இவரப் பாத்தா வாய மூடிக்கறானுங்க. என்ன எழுதியிருக்குன்னு எங்களுக்கு யாரு சொல்றது? நீ படி."

"அண்ணி, தண்ணி குடிங்க மொதல்ல" என்றாள் அம்மா உலக்கையை நிறுத்தி.

"குடிக்கறேன். அவ படிக்கட்டும்."

ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழும் படிக்கத் தெரியாது. ஆனால் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படிக்கத்தான் எனக்குத் தெரியும். முதலில் இங்கிலீஷில் படித்தேன். பிறகு தமிழில் சொன்னேன். சாரங்கின் சாட்சியம் முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறது, அவர் சொல்வது நம்பத் தக்கதல்ல, அதை ஒதுக்கிவிடுகிறேன்.

அத்தை அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு மேல தப்புன்னு எழுதியிருக்கா?"

"இல்ல அத்தை. தப்புன்னு எங்கயும் எழுதல."

"நல்லாப் பாரு."

பார்த்தேன். "எழுதல."

"தப்புன்னு எழுதியிருந்தாக் கூடப் பரவால்ல" என்றாள். "தப்புன்னா ஆமான்னு சொல்லிட்டு எழுந்து போயிடலாம். இதுக்கு என்ன சொல்றது?"

நான் தாளை மடித்தேன். அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அத்தை குடித்தாள். பொங்கலுக்கு இருந்துவிட்டுப் போகச் சொன்னோம். அவர் தனியாக இருப்பார் என்றாள். பையிலிருந்து ஒரு கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்று பொதுவாகச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது என் தலையைத் தொடுவாள். அன்றைக்குத் தொட்டாளா என்று எனக்கு ஞாபகம் இல்லை. அதன் பிறகு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அப்பா ஆற்றிலிருந்து வந்ததும் கருவாட்டு வாசனையிலேயே தெரிந்துகொண்டார்.

"அக்கா வந்தாளா?"

"வந்தாங்க."

"எங்க?"

"போயிட்டாங்க. தீர்ப்பப் படிக்கச் சொன்னாங்க."

"படிச்சியா?"

"படிச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். ஒரு கையால் அதைச் செய்ய அவர் அதற்குள் பழகியிருந்தார். "அவகிட்ட அதச் சொல்லியிருக்க வேணாம்" என்றார்.

"கேட்டாங்கப்பா. சொன்னேன்" என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள்.